காதலும் அமானுஷ்யமும்: எந்தத் தொடர், எங்கிருந்து, எந்த வரிசையில்?

கேள்வி இதுதான்: காதலும் அமானுஷ்யமும் கலந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), மன்ஹ்வாக்களில் (கொரியக் காமிக்ஸ்) எதை முதலில் பார்ப்பது? ஆரம்பத்தில் அசத்தும் தொடர்கள் ஏன் பாதியில் இழுக்க ஆரம்பிக்கின்றன?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ‘ஹோடாருபி நோ மோரி ஏ’, அடுத்து ‘காமிசாமா கிஸ்’, பிறகு 2019இல் தொடங்கிய ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’. மன்ஹ்வா என்றால் ‘சீ யூ இன் மை 19த் லைஃப்’. இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

இந்த வகைக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு விதி உண்டு. தொட்டால் மறைந்துவிடுவான், கட்டிப்பிடித்தால் மிருகமாகிவிடுவான், முத்தமிட்டால் அடிமையாகிவிடுவான், இப்படி ஏதாவது ஒன்று. அந்த விதிதான் காதலுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அதை மீறினால் யாராவது விலை கொடுத்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் இருக்கும் வரை தொடர் சலிக்காது. விதி வெறும் அலங்காரமாகிவிட்டால், அல்லது கதாசிரியர் தன் வசதிக்கு அதைத் தளர்த்திவிட்டால், மிச்சம் இருப்பது பள்ளிக்கூடக் காதலும் பேய்ச் சண்டையும் மாறி மாறி வருவதுதான். நான் எந்தத் தொடரையும் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

‘ஹோடாருபி நோ மோரி ஏ’ யூகி மிடோரிகாவா எழுதிய சிறிய மங்காவிலிருந்து (ஜப்பானியக் காமிக்ஸ்) ப்ரெய்ன்ஸ் பேஸ் ஸ்டூடியோ 2011இல் எடுத்த படம். முக்கால் மணி நேரம்தான். மலைக்காட்டில் வழி தவறிய ஆறு வயது ஹோடாரு, முகமூடி போட்ட கின் என்பவனைச் சந்திக்கிறாள். மனிதர் கை பட்டால் கின் மறைந்துபோவான். விதி அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு படம் செய்வதைக் கவனியுங்கள். முதல் நாள் அவள் ஆவலாகப் பாய்ந்து வரும்போது குச்சியால் தலையில் ஒரு போடு போட்டுத் தடுக்கிறான். பிறகு அதே போன்ற ஒரு குச்சியின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அவன் பிடித்துக் காட்டை விட்டு வெளியே அழைத்துப் போகிறான். வருடா வருடம் கோடை விடுமுறைக்கு வருகிறாள், வளர்கிறாள். அவன் அநேகமாக அப்படியே இருக்கிறான். அவள் பெரியவளானதும் ஆவிகளின் திருவிழாவுக்குப் போகிறார்கள். அங்கே இருவர் மணிக்கட்டையும் ஒரு துணி இணைக்கிறது. கையைப் பிடித்துக்கொள்வது என்ற சாதாரண விஷயத்துக்குக் குச்சியும் துணியும் பதிலாக நிற்கின்றன. காதல் வசனம் எதுவும் இல்லாமலேயே அந்தத் துணி ஒரு முத்தக் காட்சியை விட அதிகம் சொல்லிவிடுகிறது. முடிவை இங்கே சொல்லவில்லை. விதி மீறப்படும் விதமும் அதற்கான காரணமும் முழு நேர்மையோடு எழுதப்பட்டிருக்கின்றன என்று மட்டும் சொல்லலாம். தெரியாதவர்களை இந்த வகைக்கு அழைத்து வர இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. பிடிக்காவிட்டாலும் போனது 45 நிமிடம்தான்.

‘காமிசாமா கிஸ்’ இதற்கு நேரெதிர்: கலகலப்பு. ஜூலியட்டா சுசுகியின் மங்கா 2008 முதல் 2016 வரை வந்தது, 25 தொகுதிகள். அப்பா சூதாடிக் கடன்பட்டு ஓடிப்போக, வீடிழந்து தெருவுக்கு வந்த நனாமி, மிகாகே என்ற ஆளுக்கு உதவுகிறாள். அவனோ ஒரு கோயிலின் தெய்வம். அந்தப் பொறுப்பை அவள் நெற்றியில் முத்தமிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறான். கோயிலில் 20 வருடமாக அவனுக்காகக் காத்திருக்கும் நரி ஏவலன் தோமோயேவுக்கு இது பெரிய அவமானம். முத்தமிட்டால் ஒப்பந்தம் உறுதியாகும். அதன்பின் நனாமி கட்டளையாகச் சொல்லும் சொல்லை அவனால் மீற முடியாது. இங்கே விதி ஒரு நல்ல சிக்கலைக் கொண்டுவருகிறது: கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவன் காட்டும் அன்பை எப்படி நம்புவது? நனாமி அந்த அதிகாரத்தை எப்போது பயன்படுத்துகிறாள், எப்போது வேண்டுமென்றே பயன்படுத்தாமல் விடுகிறாள் என்று பார்த்தாலே அவர்கள் உறவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கு அடியில் இன்னொரு கனமான விஷயமும் ஓடுகிறது. நரிக்கு ஆயுள் நீளம், மனுஷிக்குக் குறைவு.

பார்க்கும் வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2012இல் வந்த முதல் சீசன் 13 எபிசோட், 2015இல் வந்த இரண்டாவது 12. பலர் அதோடு நிறுத்திவிட்டு ‘முடிவே இல்லை’ என்று வருத்தப்படுவார்கள். அதன்பின் ‘காகோ ஹென்’ என்ற நான்கு ஓவிஏக்கள் (டிவியில் வராமல் டிஸ்க்கில் வந்த எபிசோடுகள்) உண்டு. தோமோயேவின் பழைய காதல் என்ன, அவன் உடலில் இருக்கும் சாபம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அங்கேதான் அவிழ்கிறது. கதையின் முதுகெலும்பே அந்த நான்குதான், அவற்றைத் தவறவிடாதீர்கள். கடைசியாக 2016 டிசம்பரில் வந்த ஓவிஏ நேராகக் கல்யாணத்துக்குத் தாவுகிறது. நடுவில் ஒரு பெரிய பகுதி அனிமேயாக வரவே இல்லை. ஆகவே நான்கு ஓவிஏக்கள் முடிந்ததும் மங்காவுக்குப் போய் மீதியை வாசித்துவிட்டு, கடைசி ஓவிஏவை இறுதியில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கல்யாணம் மனதில் ஒட்டாது.

‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ விஷயத்தில் எந்தப் பதிப்பு என்பதே முதல் கேள்வி. 2001இல் ஸ்டூடியோ டீன் எடுத்த 26 எபிசோடுகள், மங்கா பாதிகூடத் தாண்டாத நேரத்தில் முடித்துக்கொண்டவை. நட்சுகி தகாயாவின் மங்கா 1998இல் தொடங்கி 2006இல்தான் 23 தொகுதிகளோடு முடிந்தது. 2019 முதல் 2021 வரை டிஎம்எஸ் ஸ்டூடியோ மூன்று சீசன்களாக முழுக் கதையையும் எடுத்தது: 25, 25, 13, ஆக மொத்தம் 63 எபிசோடுகள். இதைத்தான் பார்க்க வேண்டும். பழைய பதிப்பில் நகைச்சுவை நன்றாக இருக்கும். ஆனால் கதையின் மையமான சோமா குடும்பத்துக்குத் தலைமையான அகிதோ யார் என்ற உண்மையே அதில் வராது. அதில்லாமல் இந்தக் கதையின் வன்முறை எங்கிருந்து பிறக்கிறது என்று புரியாது.

விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சோமா குடும்பத்தில் 12 ராசி மிருகங்களின் சாபமும் பூனையின் சாபமும் இருக்கின்றன. சாபத்துக்கு வெளியே உள்ள எதிர்பாலினத்தவர் கட்டிப்பிடித்தால் மிருகமாகிவிடுவார்கள். முதல் சில எபிசோடுகளில் இது சிரிப்புக்குத்தான் பயன்படுகிறது. புகை வரும், எலி வரும், பூனை வரும். ‘குழந்தைத்தனமாக இருக்கிறதே’ என்று பலர் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுங்கள். ஏழாவது எபிசோடில் சோமா குடும்பத்து டாக்டர் ஹடோரியின் கதை வருகிறது. காதலித்த பெண் கானா, அகிதோவின் கோபத்தால் அவருக்கு நேர்ந்த கண் காயத்துக்குத் தானே காரணம் என்று நொறுங்கிப்போகிறாள். அவளைக் காப்பாற்ற, அவள் மனதிலிருந்து தங்கள் காதலையே அழித்துவிடுகிறார் ஹடோரி. நினைவை அழிப்பது அவர் குடும்பத்துக்குச் செய்து வந்த வேலை. அதே வேலையைத் தன் சொந்தக் காதலுக்கும் செய்ய வேண்டி வருகிறது. விதிக்கு விலை என்று மேலே சொன்னது இதைத்தான்.

பிறகு 24ஆவது எபிசோட். பூனைச் சாபம் உள்ள கியோவின் கையில் எப்போதும் ஒரு மணிவளையம் இருக்கும். அது கழற்றப்படும்போது அவனுடைய இன்னொரு உருவம், சகிக்க முடியாத நாற்றத்தோடு வெளிவருகிறது. நாயகி தோரு பயப்படுகிறாள், வாந்தி எடுக்கிறாள். ‘எனக்கு எதுவும் தோன்றவில்லை, நீ அழகுதான்’ என்று அவள் சொல்வதில்லை. பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே பின்னால் போகிறாள். நிபந்தனையற்ற அன்பு என்று ஊரெல்லாம் எழுதுகிறார்களே, அது அருவருப்பையும் தாண்டி வர வேண்டிய ஒன்று என்று காட்டியது இந்தக் காட்சிதான். இதைப் பார்த்தும் தொடர் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2022இல் வந்த ‘பிரிலூட்’ படம் தோருவின் பெற்றோர் கதை. அம்மா நடுநிலைப் பள்ளி மாணவி, அப்பா அங்கே பயிற்சி ஆசிரியர். அதைக் காதலாகக் கொண்டாடும் தொனி எனக்கு ஏற்பில்லை. படத்தைப் பார்க்காமல் விட்டாலும் மூலக்கதையில் எதையும் இழக்கமாட்டீர்கள்.

வயதும் சம்மதமும் இந்த வகையில் அடிக்கடி இடறும் இடம். ‘தி ஏன்ஷியன்ட் மேகஸ் ப்ரைட்’ முதல் எபிசோடில் 15 வயது சிசே ஏலத்தில் 50 லட்சம் பவுண்டுக்கு விற்கப்படுகிறாள். வாங்கிய மந்திரவாதி எலியாஸ் அவளை மணப்பெண் என்கிறான். விட் ஸ்டூடியோவின் ஓவியம் அபாரம், பிரிட்டிஷ் நாட்டுப்புறத் தேவதைகள் அழகாக வந்திருக்கின்றன. எலியாஸுக்கு மனித உணர்ச்சி புரியாது என்பதைக் கதையே பிரச்சினையாக எடுத்துப் பேசவும் செய்கிறது. ஆனாலும் காதல் கதையாக நினைத்து உட்கார்ந்தால் நெருடும். மனக்காயம் ஆறாத ஒரு பெண் வாழ ஆசைப்படக் கற்றுக்கொள்ளும் கதையாகப் பார்த்தால் ரசிக்கலாம்.

‘இனுயாஷா’ பற்றி யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். ரூமிகோ தகாஹாஷியின் 56 தொகுதி மங்கா அது. 2000 முதல் 2004 வரை 167 எபிசோட் ஓடி, மங்கா முடியாததால் நடுவழியில் நின்றது. பிறகு 2009இல் வந்த ‘ஃபைனல் ஆக்ட்’ மீதிக் கதை முழுவதையும் 26 எபிசோடில் அடைத்தது. முதல் பாதியில் ஃபில்லர் (மங்காவில் இல்லாத இட்டு நிரப்பல்) இழுவை, இரண்டாம் பாதியில் ஓட்டம். இறந்துபோய் மண்ணால் மீண்டும் உருவாக்கப்பட்ட பழைய காதலி கிக்யோவுக்கும் நாயகி ககோமேவுக்கும் நடுவில் நாயகன் இனுயாஷா தவிப்பது உண்மையிலேயே கனமான முக்கோணம். ஆனால் அதற்கு மங்காதான் சரி.

புதியவற்றில் ‘டான்டாடான்’. யுகினோபு தட்சு 2021இல் தொடங்கிய மங்கா. சயன்ஸ் சாரு ஸ்டூடியோ 2024 அக்டோபரில் அனிமேயாகக் கொண்டுவந்தது. பேய் உண்டு, வேற்றுகிரகவாசி கிடையாது என்று நம்புகிறவள் பள்ளி மாணவி மோமோ. வேற்றுகிரகவாசி உண்டு, பேய் கிடையாது என்று நம்புகிறவன் ஒகாருன். பந்தயம் கட்டி ஆளுக்கொரு இடத்துக்குப் போக, இரண்டுமே உண்மை என்று தெரிகிறது. பார்க்க வெறும் கூத்து போலத் தோன்றும். ஆனால் சண்டைகளுக்கு நடுவே இருவரும் மறுநாள் பள்ளியில் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது, பக்கத்தில் போய்ப் பேசலாமா என்று தயங்கும் காட்சிகள் நிஜப் பதின்வயதுக் கூச்சத்தைப் பிடித்திருக்கின்றன. ஏழாவது எபிசோடை, சிவப்பு உடைப் பேயின் வாழ்க்கைக் கதையை, எந்த நிலையிலும் தவறவிட வேண்டாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: முதல் எபிசோடில் மோமோவின் ஆடையைக் களைந்து மிரட்டும் காட்சி தேவையில்லாத அளவுக்கு நீள்கிறது. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து தொடங்காதீர்கள்.

‘மை ஹேப்பி மேரேஜ்’ (2023, கினிமா சிட்ரஸ், முதல் சீசன் 12 எபிசோட்) விதி விஷயத்தில் பலவீனமானது. அதன் பலம் வேறு இடத்தில். சித்தியும் தங்கையும் வேலைக்காரிபோல நடத்திய மியோ, கியோகா என்பவன் வீட்டுக்கு மணமகளாக அனுப்பப்படுகிறாள். முதல் காலை தானே சமைத்துப் பரிமாற, விஷம் வைத்திருப்பாளோ என்று அவன் சாப்பிட மறுக்கிறான். மியோ எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்டுத் தரையில் குனிவதும், அதை அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்வதும் மிக நுட்பமாக வந்திருக்கின்றன. கடைசி எபிசோடுகளில் கனவுச் சக்தி, ராணுவம், அரண்மனைச் சதி எல்லாம் அவசரமாக நுழையும்போது தொடர் தன் பலத்தை விட்டு விலகுகிறது. அமானுஷ்யம் காதலுக்குத் தடையாக இல்லாமல் பக்கத்துக் கதையாக ஓடினால் இப்படித்தான் ஆகும்.

இனி மன்ஹ்வா. இங்கே இழுவைக்குக் காரணம் எழுத்தாளர் மட்டுமில்லை, விற்பனை முறையும்தான். இன்று வரும் கொரியக் காதல்-ஃபேண்டஸி வெப்டூன்களில் (ஃபோனில் நெடுக்காக நகர்த்தி வாசிக்கும் இணையக் காமிக்ஸ்) பல, முதலில் வெப் நாவலாக வந்து வெற்றி பெற்றவை. அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று காசு. அல்லது காத்திருந்தால் ஒன்று இலவசம். ஆகவே ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிந்தாக வேண்டும். கதவு திறக்கும், யாரோ நிற்பார்கள், அத்தோடு தொடரும். வாரம் ஒன்று வாசித்தால் பரபரப்பாக இருக்கும். இருபதைச் சேர்த்து வாசித்தால் அதே தந்திரம் கண்ணை உறுத்தும். சீசன் இடைவெளி மாதக்கணக்கில் நீளும்போது நாயகனின் உறவுக்காரர்கள் பெயரெல்லாம் மறந்துபோகும். முடிந்துவிட்ட தொடர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பாதுகாப்பு. ஓடிக்கொண்டிருக்கும் தொடர் என்றால் நாவல் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் கதை எங்கே போகிறது என்பதாவது உறுதி.

‘சீ யூ இன் மை 19த் லைஃப்’ முடிந்துவிட்ட தொடர். நாயகி பான் ஜி-உமுக்கு முந்தைய 18 பிறவிகளும் நினைவில் இருக்கின்றன. 18ஆவது பிறவியில் 12 வயதில் விபத்தில் இறந்தவள், அதில் தப்பிய சிறுவன் சோ-ஹாவை இந்தப் பிறவியில் தேடி வருகிறாள். மறுபிறவி நம் வாசகருக்குப் புதிதில்லை. இங்கே புதிது, அதன் அன்றாடக் கணக்கு. 17ஆவது பிறவியில் ஜி-உம் ஓர் ஆண். அப்போது வளர்த்த அண்ணன் மகள் இப்போது நடுவயதுப் பெண், உணவகம் நடத்துகிறாள். இளம்பெண்ணாக வந்து நிற்கும் ஜி-உமை அவள் சித்தப்பா என்றுதான் அழைக்கிறாள். சிரிப்பும் வலியும் ஒன்றாக வரும் இடம் அது. விலையும் தெளிவு: ஜி-உமுக்கு எதுவும் முடிவதில்லை, இழப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. 2023இல் கொரிய டிவி சேனல் டிவிஎன் எடுத்த 12 எபிசோட் நாடகமும் உண்டு. வெப்டூனை முதலில் வாசியுங்கள், நாடகத்தில் வேகம் கூடிவிடுகிறது.

‘ஆரஞ்சு மார்மலேட்’ பழையது, 2011இல் தொடங்கியது. ரத்தக் காட்டேரிகள் பன்றி ரத்தம் குடித்துச் சட்டப்படி வாழ்ந்தும், ஊர் அவர்களை அருவருக்கிறது. அதை மறைத்துப் பள்ளி மாறி மாறிப் போகும் மா-ரி, ரயிலில் தூங்கி வழிந்து பக்கத்துப் பையனின் கழுத்து வாசத்தில் மயங்குவதில் கதை தொடங்குகிறது. விதியைச் சமூக ஒதுக்கலாக மாற்றிய விதத்தில் இது பல புதிய தொடர்களை விட மேல். 2015 நாடகம் நடுவில் ஜோசோன் காலத்துக்கு (கொரியாவின் பழைய மன்னராட்சிக் காலம்) போய்விடும், தேவையில்லாத சுற்று.

அச்சில் வந்ததை விரும்பினால் யூன் மி-க்யுங்கின் ‘ப்ரைட் ஆஃப் தி வாட்டர் காட்’, 24 தொகுதிகள். மழைக்காகப் பலி கொடுக்கப்பட்ட சோவா நீர்த்தெய்வம் ஹபேக்கின் மனைவியாகிறாள். பகலில் சிறுவன், இரவில் வாலிபன் என்ற அவன் ரகசியம் அவளுக்குத் தெரியாது. ஓவியம் ஒவ்வொரு பக்கத்திலும் நின்று பார்க்க வைக்கும். கதை மெதுவாகத்தான் நகரும். 2017 நாடகம் இன்றைய சியோலில் நடக்கும் வேறு கதை, அதை வைத்து இதை மதிப்பிட வேண்டாம்.

கடைசியாக வில்லி நாயகிக் கதைகள். இறந்துபோன நவீனப் பெண், தான் வாசித்த நாவலுக்குள்ளோ விளையாடிய கேமுக்குள்ளோ கண்விழிப்பாள். இங்கே விதி, நடக்கப்போவது தெரியும் என்பது. பிரச்சினையும் அதிலேயே இருக்கிறது. அவள் ஒன்றை மாற்றியதுமே மற்றதெல்லாம் மாறிவிடும், முன்னறிவு செல்லாக்காசாகிவிடும். அதன்பின் புது விதி கொண்டுவராத தொடர் கவுன், விருந்து, பொறாமைக்காரி என்று சுற்றிச் சுற்றி வரும். ‘ஒய் ரேலியானா எண்டட் அப் அட் த ட்யூக்ஸ் மேன்ஷன்’ இதைப் பொய் நிச்சயதார்த்தம், அதற்கு ஆறு மாதக் கெடு என்ற இரண்டாவது பூட்டுப் போட்டுச் சமாளிக்கிறது. நாயகி ரேலியானாவுக்கும் ட்யூக் நோவாவுக்கும் நடக்கும் வாய்ச்சண்டைதான் அதன் சுவை.

‘டெத் இஸ் தி ஒன்லி எண்டிங் ஃபார் தி வில்லனஸ்’ இன்னும் ஆழம். கேமுக்குள் வில்லியாகக் கண்விழித்த பெனலோபிக்கு ஒவ்வோர் ஆணின் தலைக்கு மேலும் அவனுடைய விருப்ப அளவு சதவீதமாகத் தெரிகிறது. அந்த எண் சரிந்தால் அவள் சாகலாம். ஆகவே பிழைக்க வேண்டி அடிமைச் சந்தையில் எக்லிஸை வாங்கி, எண் ஏறுகிற வழியில் மட்டும் அவனிடம் நடந்துகொள்கிறாள். எண்ணைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவளுக்கு எதிரில் இருப்பவன் முகம் தெரிவதில்லை. அந்தத் தவறுக்கான விலையைக் கதை பிறகு முழுதாக வசூலிக்கிறது. பட்டத்து இளவரசன் கலிஸ்டோவோடு அவள் பேசும் காட்சிகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். எண்ணைப் பார்க்க மறந்து அவள் கோபப்படும் தருணங்கள் அங்கேதான் அதிகம்.

வாசிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள்: வெப்டூனை ஃபோனில் நெடுக்காக வாசியுங்கள், கணினியில் பக்கமாகச் சுருக்க வேண்டாம். இரண்டு கட்டங்களுக்கு இடையில் விடும் வெற்றிடத்தின் நீளம்தான் இங்கே மௌனத்தின் நீளம். விரலை வேகமாகத் தள்ளினால் அது போய்விடும். திருட்டுத் தளங்களில் வரும் இயந்திர மொழிபெயர்ப்பையும் தவிருங்கள். அவன், அவள் மாறிப்போய், யார் யாரிடம் காதலைச் சொன்னார் என்பதே குழம்பிவிடும். ரேலியானாவுக்கு 2023இல் 12 எபிசோட் அனிமே வந்தது, ஆனால் கதை அதில் முடியவில்லை. அது பிடித்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தேடாமல் மன்ஹ்வாவின் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள்.